பிடித்து வைத்த கார்பன் டை ஆக்சைடிலிருந்து கிராஃபீன்: உருகிய உப்பு முறைக்கு முழு வழிகாட்டி

உயர்வெப்ப மின் உலை, வாயு வசதி, காற்று வெளியேற்றும் கூண்டு ஆகிய மூன்றும் உள்ள ஆய்வகத்தில் கிராம் அளவில் கிராஃபீன் (ஓர் அணு தடிமனுள்ள கார்பன் தகடு) எடுக்க முயல்பவர்களுக்கானது இந்த வழிகாட்டி. 750 டிகிரியில் உருகிய காரத்தைக் கையாளும் வேலை என்பதால் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது.

மின்சாரம் பாயும் இரண்டு மணி நேரம்தான் இதில் எளிதான பகுதி. அதற்கு முன்னால் வாயுவையும் உப்பையும் ஆயத்தம் செய்வதிலும், பின்னால் கழுவிப் பிரித்துச் சரிபார்ப்பதிலும்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். ஆகவே படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படிக்கும் காரணம் சொல்லியிருக்கிறேன். காரணம் தெரிந்தால் உங்கள் கருவிக்கேற்ப அளவுகளை மாற்றிக்கொள்ளலாம்.

1. வழியைத் தேர்ந்தெடுங்கள்

கார்பன் டை ஆக்சைடிலிருந்து கிராஃபீனுக்குப் போக மூன்று வழிகள் பரவலாக அறியப்பட்டவை.

முதலாவது, மெக்னீசியத்தை உலர்பனிக்கட்டிக்குள் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) எரிப்பது. வடக்கு இல்லினாய் பல்கலைக்கழகக் குழு 2011இல் வெளியிட்ட முறை இது. 3 கிராம் மெக்னீசியம் நாடாவை எரித்து, அமிலத்தில் கழுவி, 680 மில்லிகிராம் சில அடுக்குக் கிராஃபீன் எடுத்தார்கள். வேதியியல் அழகானது, விளைச்சலும் நல்லது. ஆனால் ஒரு கிலோ கார்பனுக்கு நான்கு கிலோவுக்குச் சற்று அதிகமாக மெக்னீசியம் செலவாகிறது. நிலக்கரியை நம்பிய பிட்ஜன் முறையில் ஒரு கிலோ மெக்னீசியம் செய்ய 20 கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. அந்த ஒரு கிலோ கார்பனில் 3.66 கிலோ வாயுவைக் கட்டிப்போட 80 கிலோவுக்கு மேல் வெளியே விடுகிறோம். வகுப்பறைச் செய்முறைக்கு இது போதும். நிலைத்தன்மை என்ற சொல்லை அதன்மேல் ஒட்ட முடியாது.

இரண்டாவது, உலோகப் பரப்பில் வாயுவிலிருந்து நேரடியாகப் படலம் வளர்ப்பது. கார்ல்ஸ்ரூ தொழில்நுட்ப நிறுவனத்தினர் 2019இல் செம்பு-பல்லேடியம் பரப்பில், 1000 டிகிரி செல்சியஸ் வரையான வெப்பத்தில், கார்பன் டை ஆக்சைடையும் ஹைட்ரஜனையும் கொண்டு இதைச் செய்து காட்டினர். மின்னணுவியலுக்கான படலம் வேண்டுமென்றால் இந்தப் பக்கம் போங்கள். தூள் வேண்டுமென்றால் இது உதவாது. ஹைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும்: இயற்கை எரிவாயுவிலிருந்து எடுத்த ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குப் பின்னால் 9 முதல் 10 கிலோ கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது.

மூன்றாவது, உருகிய லித்தியம் கார்பனேட்டில் மின்னாற்பகுப்பு. எதிர்மின்வாயில் கார்பன் படிகிறது, நேர்மின்வாயில் ஆக்சிஜன் வெளியேறுகிறது. உப்பில் மிஞ்சும் லித்தியம் ஆக்சைடு, உள்ளே வரும் கார்பன் டை ஆக்சைடை விழுங்கி மறுபடியும் கார்பனேட் ஆகிறது. கோட்பாட்டளவில் செலவாவது வாயுவும் மின்சாரமும் மட்டுமே. இந்த வழிகாட்டி இதைப் பற்றியது.

2. உலையைத் தொடுமுன் கணக்குப் போடுங்கள்

பலரும் இந்தப் படியைக் கடைசியில் வைக்கிறார்கள். அப்போது செய்வதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

ஒரு கார்பன் அணுவுக்கு நான்கு எலக்ட்ரான்கள் தேவை. அதாவது ஒரு கிராம் கார்பனுக்கு 8.93 ஆம்பியர் மணி. வெப்ப இயக்கவியல் கேட்கும் குறைந்தபட்ச மின்னழுத்தம் ஏறக்குறைய 1.02 வோல்ட். நடைமுறையில் 1.6 வோல்ட் என்று வைத்தால் கிலோவுக்கு 14.3 யூனிட் மின்சாரம். மின்னோட்டத்தில் 90 விழுக்காடுதான் கார்பனாகிறது என்றால் 16 யூனிட்.

ஒரு கிலோ கார்பன் கட்டிப்போடுவது 3.66 கிலோ கார்பன் டை ஆக்சைடு. 3.66ஐ 16ஆல் வகுத்தால் சுமார் 0.23. உங்கள் மின்சாரம் யூனிட்டுக்கு 0.23 கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடை வெளியிட்டு உற்பத்தியானதென்றால், நீங்கள் பிடிப்பதைவிட விடுவது அதிகம். நிலக்கரி மின்சாரம் யூனிட்டுக்கு ஒரு கிலோவை ஒட்டியது. அதில் ஓட்டினால் 3.66 கிலோவைப் பிடிக்கப் பதினாறு கிலோவை விட்டிருப்பீர்கள்.

உலை வெப்பம் இந்தக் கணக்கில் சேரவில்லை. சிறிய ஆய்வக உலை சராசரியாக ஒரு கிலோவாட் இழுத்து எட்டு மணி நேரம் ஓடினால் எட்டு யூனிட். கையில் கிடைப்பதோ ஒரு கிராம். ஆய்வக அளவில் எவரும் கார்பன் லாபம் காட்ட முடியாது, காட்டுவதாகச் சொன்னால் உலையை மறைத்திருக்கிறார்கள். மின்கலத்துக்கு (மின்னாற்பகுப்பு நடக்கும் கலம்) ஒரு மின்மானி, உலைக்கு ஒரு மின்மானி எனத் தனித்தனியே பொருத்துங்கள். பெரிய உலையில் வெப்ப இழப்பு விகிதம் குறையும். மின்கலத்தின் எண் பெரிதாக மாறாது. இரண்டும் கலந்த ஒற்றை எண் யாருக்கும் பயன்படாது.

இன்னொரு பிழை, வகுக்கும் எண்ணில் நடக்கிறது. மின்வாயில் படிவது கிராஃபீன் அல்ல, மெல்லிய கிராஃபைட் தகடுகள். அதில் பத்தில் ஒரு பங்குதான் இறுதியில் சில அடுக்குத் தகடாகப் பிரிகிறதென்றால், செலவான ஆற்றல் முழுவதையும் அந்தப் பத்தில் ஒரு பங்கால் வகுக்க வேண்டும். மிச்சம் வேறு பயனுக்குப் போகிறதென்றால் அதைத் தனியே சொல்லுங்கள்.

3. கையில் இருக்க வேண்டியவை

இங்கே தரும் எண்கள் எல்லாம் 5 ஆம்பியர், இரண்டு மணி நேர ஓட்டத்துக்கு. முழுத் திறனில் அது 1.12 கிராம் கார்பன் தரும்.

குரூசிபிள் (உப்பை உருக்கும் கிண்ணம்): 500 மி.லி. கொள்ளளவுள்ள உயர்தூய்மை அலுமினா. குவார்ட்ஸ் கண்ணாடியில் உருக்கலாமே என்று எல்லாப் புதியவர்களும் ஒரு முறையாவது கேட்கிறார்கள். உருகிய கார்பனேட் சிலிக்காவைத் தின்று சிலிகேட் ஆகிவிடும். வினையில் கார்பன் டை ஆக்சைடும் வெளியேறும். அலுமினாவும் மெல்ல அரிபடத்தான் செய்கிறது, ஆனால் பல ஓட்டங்கள் தாங்கும். கிராஃபைட் குரூசிபிள் கூடவே கூடாது. அதிலிருந்து உதிரும் தூளை உங்கள் விளைபொருளிலிருந்து பிரித்தறிய வழி கிடையாது.

நேர்மின்வாய்: நிக்கல் தகடு. கிராஃபைட் கம்பி எளிதில் கிடைக்கும், மலிவும்கூட. ஆனால் வெளிவரும் ஆக்சிஜன் அதை எரித்துக் கார்பன் டை ஆக்சைடாக்கும். ஒரு முனையில் படிய வைத்ததை மறுமுனையில் எரித்தால் வேலையின் நோக்கமே போய்விடும். துருப்பிடிக்காத எஃகு வேலை செய்யும், ஆனால் அதிலுள்ள குரோமியம் கரைந்து குரோமேட் ஆகும். கழுவும் நீர் மஞ்சளாக வந்தால் அதுதான். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் நஞ்சு, புற்றுநோய்க் காரணி. அந்த நீரைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது.

எதிர்மின்வாய்: 5 செ.மீ. சதுரச் செம்புத் தகடுகள் இரண்டு. ஏன் இரண்டு என்பது ஆறாம் படியில்.

உப்பு: 600 கிராம் லித்தியம் கார்பனேட், 99 விழுக்காடு அல்லது மேல். உருகிய பின் ஏறக்குறைய 330 மி.லி. வரும். குரூசிபிளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், குமிழிகள் தெறிக்கும்.

பாதுகாப்பு: முகக்கவசம், வெப்பம் தாங்கும் கையுறை, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி. கடைசியாகச் சொன்னதைத் தவிர்க்க எந்தச் சாக்கும் செல்லாது. சூடான கார்பனும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்தால் மோனாக்சைடு வரும், அதற்கு மணமே இல்லை.

4. வாயுவைச் சுத்தம் செய்து உலர்த்துங்கள்

பிடித்து வைத்த கார்பன் டை ஆக்சைடு, உருளையில் விற்கும் தூய வாயு அல்ல. புகைபோக்கியிலிருந்து வந்ததென்றால் கந்தக டை ஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் இருக்கும். அமீன் (கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் வேதிப்பொருள்) கரைசலில் பிடித்ததென்றால் அமீன் ஆவியும் நீராவியும் இருக்கும். கந்தகம் உப்பில் சல்பேட்டாகத் தங்கி, பிறகு மின்வாயில் கார்பனோடு சேர்ந்து படியும். நீராவி, லித்தியம் ஆக்சைடோடு சேர்ந்து ஹைட்ராக்சைடாகி, மின்னோட்டத்தில் ஒரு பகுதியை ஹைட்ரஜனாக்கி வீணடிக்கும்.

வரிசை இது: முதலில் கந்தகத்தையும் அமீனையும் பிடிக்கும் கிளர்வூட்டிய கரிப் படுகை, அடுத்து உலர்த்தி, அதன்பின் பாய்வுமானி. உலர்த்தியைக் கரிக்கு முன்னால் வைத்தால் அமீன் ஆவி அதைக் கெடுத்துவிடும்.

உலர்த்தியில் என்ன போடுவது என்பதில்தான் தவறு நடக்கிறது. சோடியம் ஹைட்ராக்சைடும் சுட்ட சுண்ணாம்பும் நீரை மட்டுமின்றி கார்பன் டை ஆக்சைடையும் விழுங்கும். 5ஏ, 13எக்ஸ் வகை மூலக்கூறு சல்லடைகளும் அப்படியே. கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கவே அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். 3ஏ வகையை வாங்குங்கள். அதன் துளைக்குள் நீர் நுழையும், கார்பன் டை ஆக்சைடு நுழையாது. நீரற்ற கால்சியம் சல்பேட்டும் சரி.

பாய்வு விகிதம்: 5 ஆம்பியருக்கு நிமிடத்துக்கு 19 மி.லி. வாயு செலவாகும். 50 மி.லி. விடுங்கள். குறைந்தால் லித்தியம் ஆக்சைடு சேர்ந்து மின்னழுத்தம் ஏறும். மிகவும் கூடினால் குமிழிகள் மின்வாயிலிருந்து கார்பனை உதிர்த்துவிடும்.

5. உப்பை உருக்குதல்

உப்பை 200 டிகிரியில் ஓர் இரவு உலர்த்துங்கள். ஈர உப்பை நேராக உருக்கினால் நீராவி தெறித்து உலைச் சுவரெல்லாம் உப்பாகும்.

நிமிடத்துக்கு 5 டிகிரி வேகத்தில் ஏற்றுங்கள். அவசரப்பட்டால் அலுமினா விரிசல் விடும். லித்தியம் கார்பனேட் 723 டிகிரியில் உருகும். 750 டிகிரியில் நிறுத்துங்கள். உலை காட்டும் எண்ணை நம்பாமல், அலுமினா உறையிட்ட தெர்மோகப்பிளை (வெப்பநிலை அளக்கும் உணரி) உப்புக்குள்ளேயே வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் வேறுபாடு பல டிகிரி இருக்கும். 730க்குக் கீழே ஓரங்கள் உறையத் தொடங்கும். 850ஐத் தாண்டினால் திடக் கார்பனுக்குப் பதில் மோனாக்சைடு வருவது கூடும்.

உருகத் தொடங்கும்போதே கார்பன் டை ஆக்சைடை உப்பின் மேற்பரப்பில் ஓடவிடுங்கள். அந்த மூடாக்கு இல்லாவிட்டால் கார்பனேட் மெல்லச் சிதைந்து வாயுவை இழக்கும். முழுதும் உருகியபின் வாயுக் குழாயை மேற்பரப்புக்கு ஒரு செ.மீ. கீழே இறக்குங்கள்.

உப்புக்குள் போகும் எந்தப் பொருளும், தெர்மோகப்பிள் உறை உட்பட, முன்கூட்டியே சூடாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். ஒரு துளி நீர் போதும். அது நீராவியாக வெடித்து உருகிய காரத்தை முகத்தில் அடிக்கும்.

6. மின்னாற்பகுப்பு

புதிய நிக்கல் நேர்மின்வாய் முதல் அரை மணி நேரத்தில் சற்று நிக்கலை உப்பில் விடும், பிறகு ஆக்சைடுப் படலம் மூடி அடங்கும். அந்த நிக்கல் எதிர்மின்வாயில் படிந்தால் கார்பன் நுண்குழாய்கள் முளைப்பதற்கு விதையாகும். நமக்கு வேண்டியது தகடு, குழாய் அல்ல. எனவே முதல் செம்புத் தகட்டைப் பலிகொடுங்கள்: அரை மணி நேரம் 1 ஆம்பியரில் ஓட்டி, வெளியே எடுத்துத் தள்ளி வையுங்கள். அதன்பின் இரண்டாம் தகட்டை இறக்குங்கள்.

இரண்டாம் தகட்டில் மின்னோட்டத்தைப் படிப்படியாக ஏற்ற வேண்டாம். மெதுவான தொடக்கம் உலோக விதைகள் படிய நேரம் கொடுக்கிறது. நேராக 5 ஆம்பியர் வையுங்கள். நேர்மின்வாயைப் பார்த்த முகத்தில் அது சதுர செ.மீ.க்கு 0.2 ஆம்பியர். இரு மின்வாய்களுக்கும் இடையே ஒரு செ.மீ. இடைவெளி. நெருக்கினால் வளரும் கார்பன் பாலமிட்டுக் குறுக்குச் சுற்று ஆகும்.

மின்னோட்டத்தை மாறாமல் வைத்து மின்னழுத்தத்தைக் கவனியுங்கள், அதுதான் உள்ளே நடப்பதைச் சொல்லும். ஒன்றரை முதல் இரண்டு வோல்ட் வரை அமைதியாக நின்றால் சரி. மெதுவாக ஏறினால் வாயு போதவில்லை, குழாய் அடைத்திருக்கலாம். திடீரென ஒரு வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் குறுக்குச் சுற்று. அதற்குப்பின் ஓட்டிய நேரத்தில் கார்பன் வளராது, மின்சாரம் மட்டும் போகும். மூன்று வோல்ட் பக்கம் நகர்ந்தால் உடனே நிறுத்துங்கள், கார்பனோடு லித்தியம் உலோகமும் படியக்கூடும். அப்படிப் படிந்ததை நீரில் போட்டால் தீப்பிடிக்கும்.

இரண்டு மணி நேரம் போதும். நீண்ட ஓட்டத்தில் அதிகக் கார்பன் கிடைக்கும்தான், ஆனால் தகடுகள் தடித்துவிடும். பிறகு பிரிப்பதில் இரட்டிப்புப் பாடு. அளவு வேண்டுமானால் மின்வாயின் பரப்பைக் கூட்டுங்கள், நேரத்தை அல்ல.

7. வெளியே எடுப்பது

நேரம் முடிந்ததும் மின்சாரத்தை அணைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள். மின்னோட்டம் நின்றபின் உப்புக்குள் இருக்கும் கார்பன், கார்பன் டை ஆக்சைடால் மெல்ல அரிக்கப்பட்டு மோனாக்சைடாகப் போகும். கார உப்புகள் அந்த அரிப்பை வேகப்படுத்தும். மின்சாரம் இருக்கும்போதே தகட்டைத் தூக்குங்கள், உப்பை விட்டு வெளிவந்ததும் அணையுங்கள்.

தூக்கிய தகட்டை உடனே காற்றில் காட்டினால் சிவப்பாகக் கனன்று எரியும். உலையின் மேற்பகுதியிலேயே ஆர்கான் ஓடும் குழாய்க்குள் இழுத்து, 200 டிகிரிக்குக் கீழே குளிரும் வரை வைத்திருங்கள். கூடவே உருகிய உப்பும் சொட்டி வடியும்.

நேர்மின்வாய், வாயுக் குழாய், தெர்மோகப்பிள் ஆகியவற்றையும் உப்பு உறையுமுன் எடுத்துவிடுங்கள். உறைந்தபின் பிடுங்கினால் குரூசிபிள் உடையும்.

8. கழுவுதல்

தகட்டில் கறுப்பாகத் திரண்டு நிற்பதில் பெரும்பகுதி உப்புதான். ஒரு கிராம் கார்பனோடு பத்து கிராம் உப்பு ஒட்டி வருவது இயல்பு.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஹைட்ரோகுளோரிக் அமிலம். நுரைத்துக் கரைந்து ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். ஆனால் பத்து கிராம் லித்தியம் கார்பனேட்டை அமிலத்தில் கரைத்தால் ஆறு கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். 1.12 கிராம் கார்பனுக்காக நீங்கள் பிடித்ததோ 4.1 கிராம். ஒரே குவளையில் மொத்த உழைப்பும் எதிர்க்கணக்கில் போய்விடுகிறது, லித்தியமும் குளோரைடாக வீணாகிறது.

அடுத்து தோன்றுவது வெந்நீர். அதுவும் தவறு. லித்தியம் கார்பனேட்டின் கரைதிறன் பெரும்பாலான உப்புகளுக்கு நேர்மாறானது: 20 டிகிரியில் 100 மி.லி. நீரில் 1.33 கிராம் கரையும், 100 டிகிரியில் 0.72 கிராம்தான். கொதிக்கக் கொதிக்கக் கழுவியும் உப்பு போகவில்லையே என்று திகைப்பவர்கள் நீரைக் குளிர வைத்தால் போதும்.

சரியான முறை இது. படிவைச் சுரண்டி, ஒரு லிட்டர் குளிர்ந்த வடிநீரில் போட்டு, கலக்கிக்கொண்டே கார்பன் டை ஆக்சைடைக் குமிழ விடுங்கள். கார்பனேட் பைகார்பனேட்டாக மாறும். அதன் கரைதிறன் பல மடங்கு. வடிகட்டிய தெளிநீரை 90 டிகிரிக்குச் சூடாக்கினால் பைகார்பனேட் சிதைந்து லித்தியம் கார்பனேட் வெண்மையாகப் படியும். அதை உலர்த்தி அடுத்த ஓட்டத்துக்கு வையுங்கள். வெளிவரும் வாயுவையும் சுற்றுக்குத் திருப்பலாம். முதல் நீர் கடுங்காரமாக இருக்கும், ஏனெனில் லித்தியம் ஆக்சைடு நீரில் ஹைட்ராக்சைடாகிறது. பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் குனியாதீர்கள்.

இப்படி இரண்டு மூன்று முறை கழுவியபின்தான் அமிலம். ஒரு மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஓர் இரவு கலக்கினால் மிச்சமுள்ள உப்பும் நிக்கல் ஆக்சைடும் கரையும். தகட்டிலிருந்து உரிந்து வந்த செம்புத் துணுக்கு ஹைட்ரோகுளோரிக்கில் எளிதில் கரையாது. அவற்றை முன்பே சல்லடையிட்டு எடுத்துவிடுங்கள். பிறகு வடிநீரால் அலசுங்கள். பிஎச் தாள் நடுநிலை காட்டினாலும் குளோரைடு இருக்கலாம். வடிந்த நீரில் ஒரு துளி வெள்ளி நைட்ரேட் விட்டுப் பார்த்து, வெண்கலக்கம் வராதபோது நிறுத்துங்கள்.

முழுவதையும் அடுப்பில் உலர்த்திவிடாதீர்கள். உலரும்போது தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று அழுந்தி ஒட்டிக்கொள்ளும். அவற்றை மறுபடியும் பிரிப்பது முதல் முறையைவிடக் கடினம். எடை பார்க்க ஒரு சிறு பங்கை மட்டும் உலர்த்தி, மற்றதை ஈரக் களியாகவே அடுத்த படிக்கு எடுத்துச் செல்லுங்கள்.

9. அடுக்குகளைப் பிரித்தல்

நீரோடு சோடியம் கோலேட் போன்ற பரப்புச் செயலி (சோப்பு போலச் செயல்படும் பொருள்) சேர்த்துப் பிரிப்பதைப் பரிந்துரைக்கிறேன். பல கட்டுரைகளில் வரும் என்-மெத்தில் பைரோலிடோன் நன்றாகவே பிரிக்கும், ஏனெனில் அதன் பரப்பு இழுவிசை கிராஃபீனோடு பொருந்துகிறது. ஆனால் அது இனப்பெருக்கத்துக்குத் தீங்கானது, 202 டிகிரியில்தான் கொதிக்கும் என்பதால் விளைபொருளிலிருந்து விரட்டுவதும் பாடு. பசுமை என்று பெயரிட்ட வேலைக்கு அது பொருந்தாது.

மி.லி.க்கு 5 மி.கி. தகட்டுத்தூள், 2 மி.கி. கோலேட் என்று தொடங்குங்கள். சுழலும் தலைகொண்ட வெட்டுக் கலக்கி இருந்தால் அதுவே மேல். டிரினிட்டி கல்லூரி டப்ளினில் 2014இல் காட்டியபடி, வெட்டு வீதம் நொடிக்கு 10,000ஐத் தாண்டினால்தான் அடுக்குகள் வழுக்கிப் பிரிகின்றன. அதற்குக் கீழே எத்தனை மணி நேரம் கலக்கினாலும் பயனில்லை. மீயொலிக் குளியல் என்றால் பனிக்கட்டி போட்டு 30 டிகிரிக்குள் வையுங்கள். அதிக நேரம் வைத்தால் தகடுகள் மெலிவதைவிட வேகமாக உடைகின்றன. அகலம் போனபின் மெல்லியதாக இருந்து என்ன பயன்?

அடுத்தது மையவிலக்கி. இங்கே சுற்று எண்ணிக்கையைக் குறித்து வைப்பது பொருளற்றது, ஏனெனில் ஆரம் மாறினால் விசை மாறும். 10 செ.மீ. ஆரத்தில் நிமிடத்துக்கு 1500 சுற்று என்பது புவியீர்ப்பின் 250 மடங்கு. அந்த விசையில் 45 நிமிடம் ஓட்டி, மேல் முக்கால் பங்கை மட்டும் உறிஞ்சி எடுங்கள். அடியில் தங்கியதைக் கொட்டிவிடாமல் கலக்கிக்குத் திருப்புங்கள். அதுவும் நீங்கள் மின்சாரம் செலவழித்துப் பிடித்த கார்பன்தான்.

10. உண்மையிலேயே கிராஃபீன்தானா?

கறுப்பாக மிதக்கும் எல்லாம் கிராஃபீன் அல்ல. கரித்தூளும் நீரில் அழகாக மிதக்கும்.

ராமன் நிறமாலையில் (லேசர் ஒளி மாதிரியில் பட்டுச் சிதறுவதை அளக்கும் முறை) தொடங்குங்கள். 532 நானோமீட்டர் லேசரில் அலை எண் 1350 பக்கம் டி முகடு, 1580இல் ஜி, 2700 பக்கம் 2டி. அகன்ற டி, ஜி இரண்டும் இருந்து 2டி தெளிவாக எழவில்லையென்றால் கையில் இருப்பது ஒழுங்கற்ற கார்பன், உலைக்குத் திரும்புங்கள். லேசர் திறனை ஒரு மில்லிவாட்டுக்குள் வையுங்கள், கூடினால் மாதிரியே சூடாகி முகடுகள் நகரும். அழகான ஓர் இடத்தைத் தேடிப் பிடித்து அதை மட்டும் அச்சிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. முன்பே முடிவு செய்த கட்டங்களில் முப்பது இடங்களையாவது அளந்து, பரவலைச் சொல்லுங்கள்.

ஒற்றை வளைவாகக் கூர்ந்து நிற்கும் 2டி முகட்டைப் பார்த்ததும் ஓரடுக்கு என்று துள்ளாதீர்கள். அடுக்குகள் ஒன்றோடொன்று ஒழுங்கின்றித் திரும்பிக் கிடந்தால் பல அடுக்குகளும் அதே வளைவைத் தரும். அணுவிசை நுண்ணோக்கியில் தடிமனைப் பாருங்கள். அடுக்குக்கு 0.335 நானோமீட்டர் என்று நேராக வகுத்தால் தவறும்; ஒட்டியிருக்கும் கோலேட்டும் அடித்தளமும் சேர்ந்து முதல் அடுக்கையே ஒரு நானோமீட்டர் பக்கம் காட்டும். ஐஎஸ்ஓ வகைப்பாட்டில் மூன்று முதல் பத்து அடுக்கு வரை சில அடுக்குக் கிராஃபீன். அதற்கு மேல் இருப்பதைத் தகட்டு கிராஃபைட் என்று எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; பல பயன்களுக்கு அதுவே போதும்.

சிறு பங்கைக் காற்றில் எரித்து எடை பாருங்கள். 900 டிகிரிக்குப் பின்னும் எஞ்சுவது உலோக ஆக்சைடும் உப்பும். ஒன்றிரண்டு விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் கழுவுதல் போதவில்லை.

கடைசியாக, அதிகம் கேட்கப்படாத கேள்வி: இந்தக் கார்பன் நீங்கள் விட்ட வாயுவிலிருந்துதான் வந்ததா? 600 கிராம் லித்தியம் கார்பனேட்டுக்குள் 97 கிராம் கார்பன் ஏற்கெனவே இருக்கிறது. வாயுக் குழாயை அடைத்துவிட்டு ஓட்டினாலும் ஒரு கிராம் கார்பன் படியும், எல்லாம் உப்பிலிருந்தே. எனவே ஓட்டம் முடிந்தபின்னும், வெளியேறும் வாயு உள்ளே போகும் அளவுக்குச் சமமாகும் வரை பாய்வைத் தொடருங்கள். மொத்தம் எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்பதை அகச்சிவப்பு அளவியால் கணக்கிட்டு, கிடைத்த கார்பனின் 3.66 மடங்கோடு ஒப்பிடுங்கள். கார்பன்-13 கொண்ட வாயு வாங்க முடிந்தால் அதைவிட உறுதியான சான்று இல்லை. ஆனால் அதிலும் முதலில் படிவது உப்பிலிருந்த பழைய கார்பன்தான் என்பதை மறக்காதீர்கள்.

11. அடுத்த ஓட்டத்துக்கு முன்

உறைந்த உப்பைக் குரூசிபிளிலேயே வைத்து மறுபடி உருக்கலாம். ஆனால் உருகும்போது உப்பு விரியும். அடிப்பகுதி முதலில் உருகி, மேலே ஓடு கட்டியிருந்தால் அழுத்தம் குரூசிபிளைப் பிளக்கும். மேல் வெப்பம் உள்ள உலையாக இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லையென்றால் உப்பு உருகியிருக்கும்போதே உலர்ந்த நிக்கல் தட்டில் ஊற்றி, ஆறியபின் உடைத்துச் சேமியுங்கள்.

கழுவுநீரிலிருந்து மீட்ட கார்பனேட்டைக் கலக்குமுன் நன்கு உலர்த்துங்கள். ஓட்டத்துக்கு எத்தனை கிராம் புதிய உப்பு சேர்க்க வேண்டியிருந்தது என்று ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள். இரண்டாம் படியின் கணக்கில் அந்த எண்ணும் சேர வேண்டும். உப்பு மஞ்சளோ பச்சையோ படர்ந்து, முதல் தகட்டைப் பலிகொடுத்த பின்னும் நுண்ணோக்கியில் குழாய்கள் தெரிந்தால், உலோகம் மிகுந்துவிட்டது. அந்த உப்பைப் புதியதோடு கலந்து நீர்க்க வைக்க வேண்டாம். பைகார்பனேட்டாகக் கரைத்து, வடிகட்டி, மறுபடி படியவைத்துத் தூய்மை செய்தபின் உலைக்குக் கொண்டு வாருங்கள்.